தன் வீட்டுக் குடித்தனக்காரன்

செயிண்ட் லூயிஸ்,
3 பிப்ரவரி 1952

அன்புத் தங்கை ஒடிலுக்கு,

அண்ணன் அல்சிட் எழுதுவது. வெர்டெலும் பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறார்கள். எனக்குத்தான் சுண்ணாம்புத் தூசியால் வந்த இருமல் விடமாட்டேன் என்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? குழந்தை ரூத்துக்கு மூன்று வயது முடிந்திருக்குமே. பேசுகிறாளா?

நீ இருக்கும் பேட்டைக்கு இங்கிருந்து டிராமில் முக்கால் மணி நேரம். ஆனாலும் ஏழு வருஷமாக உனக்குத் தபாலாபீஸ் பெட்டி எண்ணுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கு அப்பாவின் நிறம் வந்தது, எனக்கு அம்மாவின் நிறம். லூசியானாவை விட்டு இங்கே வந்ததும் நீ வெள்ளைக்காரியாகக் கலந்துவிட்டாய், வெள்ளைக்காரனைக் கட்டினாய். அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இப்போதும் சொல்ல வரவில்லை.

வெல்டன் தெருவில் ஒரு செங்கல் வீடு விலைக்கு வந்திருக்கிறது. மேலே மூன்று அறை, கீழே இரண்டு, பின்னால் கொஞ்சம் மண். நாங்கள் இப்போது நான்கு பேரும் இரண்டு அறையில் கிடக்கிறோம். கக்கூஸுக்கு முற்றத்தைக் கடந்து போய் மூன்று குடும்பங்களோடு வரிசையில் நிற்க வேண்டும். பட்டாளத்தில் நான் சேர்த்ததும் ஓட்டல் சலவையில் வெர்டெல் சேர்த்ததுமாக முன்பணத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு டாலர் கையில் இருக்கிறது. போருக்குப் போய் வந்தவனுக்கு அரசாங்கமே கடனுக்கு ஜாமீன் நிற்கும் என்றார்கள். ரயில் கம்பெனி பென்ஷன்காரன் மாதிரி கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஊர் வரைபடம் ஒன்றை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "உன் மேல குறையில்ல. அந்தத் தெரு மேலயும் குறையில்ல. நீ அங்க குடிபோனா தெரு மேல குறை வந்துடும். அதுக்கு நாங்க கடன் குடுக்க முடியாது."

நான் சுவர் பூசும்போது எனக்குச் சாந்து குழைத்துத் தரும் வெள்ளைக்காரன் டூலனுக்கு, என் கூலியில் பாதி வாங்குகிறவனுக்கு, அதே வங்கி போன மாதம் கடன் கொடுத்தது. அவன் தெரு மேல் குறை வராது.

இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
அல்சிட்


16 மார்ச் 1952

அன்புள்ள அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். ரூத் ஓயாமல் பேசுகிறாள், குளிர் வந்தால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்கிறது. உன் இருமலுக்கு ஒரு வைத்தியரைப் பார், தள்ளிப்போடாதே. வெர்டெலையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் ஆறு வாரமாக என் கைப்பையில் இருந்தது. நீ எதையும் கேட்கவில்லை. கேட்காததால்தான் என்னால் தூங்க முடியவில்லை.

ஒரு வழி இருக்கிறது. எமில் நல்ல மனுஷர், கணக்கான மனுஷர். நகரத்துக்குள் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் நல்லது என்று அவரே இரண்டு தடவை சொன்னார். கறுப்பருக்கு வீடு கிடைப்பது அரிது, அதனால் வாடகை தவறாமல் வரும் என்று அவருடைய ஆபீசில் பேசிக்கொள்கிறார்களாம். எங்கள் பெயருக்கு வங்கி மறுபேச்சில்லாமல் கடன் கொடுக்கும். முன்பணம் என் அப்பா விட்டுப்போன பணம் என்று சொல்லிக்கொள்கிறேன். மாதாமாதம் நீ கட்டுவது அவருக்கு வாடகை, வங்கிக்குத் தவணை, உனக்கு உன் வீடு. கொஞ்ச காலம் போகட்டும். விற்றுவிடலாம் என்று நானே பேச்சை எடுத்து, அடைத்த தவணையெல்லாம் போக மிச்சத்துக்கு உன் பேருக்கு மாற்றவைக்கிறேன்.

குடித்தனக்காரன் யார், உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். எங்கள் வீட்டில் சமைத்த அம்மாளின் மகன் என்று சொல்லப்போகிறேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை அண்ணா. நம் அம்மாவை நான் அப்படிச் சொல்லலாமா என்று நீதான் சொல்லவேண்டும்.

படித்ததும் எரித்துவிடு.

ஒடில்


22 ஜூன் 1952

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். அந்த இரண்டு அறையில் வெக்கை தாங்க முடியாமல் இருக்கும், பிள்ளைகளை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

கையெழுத்து ஆகிவிட்டது. பத்திரத்தில் எமில் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. சாவியை எமில் உனக்கு நேரில் தருவார். அவர் முன்னால் நீ என்னை 'ஷிரேடர் அம்மா' என்று கூப்பிடவேண்டும். மறந்துவிடாதே.

ஏப்ரல் கடிதத்தில், வெர்டெலுக்கு இதில் சம்மதமில்லை, எழுத்தில் ஏதாவது வேண்டும் என்கிறாள் என்று சொல்லியிருந்தாய். அவள் கேட்பது நியாயம். ஆனால் அப்படி ஒரு காகிதம் எழுதி நான் கையெழுத்துப் போட்டால், எந்த உறவில் என்றும் அதில் எழுதவேண்டுமே. அது எமில் கையில் கிடைத்தால் வீடு மட்டும் போகாது.

பணம் வந்து சேர்ந்தது. ஜவுளிக் கடையின் மாடிப்படி அடியில் வெர்டெல் நின்றுகொண்டிருந்தாள். உறையை வாங்கிக்கொண்டு நான் நேராக நடந்து போய்விட்டேன். என்னோடு பக்கத்து வீட்டு அம்மாள் வந்திருந்தாள். அதனால்தான் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. இதை அவளிடம் சொல். சொன்னாலும் மன்னிக்கமாட்டாள், ஆனாலும் சொல்.

ஒடில்


9 நவம்பர் 1952

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் எல்லோரும் நலமாக இருக்கிறோம். என் இருமல் குறைந்திருக்கிறது. போன வாரம் நீங்கள் மூவரும் வீடு பார்க்க வந்தபோது உன் முகம் வெளிறியிருந்தது. சரியாகச் சாப்பிடு.

உன்னைப் பார்த்து ஏழு வருஷம். பக்கத்தில் நின்று பேசியது பத்து நிமிஷம். அதில் நீ என்னிடம் பேசியது, "கொழாயில தண்ணி ஒழுங்கா வருதா, அல்சிட்?" நான் உனக்குச் சொன்னது, "வருதுங்கம்மா." நீங்கள் காரில் ஏறிப் போன பிறகு வெர்டெல் சமையலறையில் உட்கார்ந்து சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

ரூத் என் சட்டையில் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டிப் பார்த்தாளே, கவனித்தாயா? உன் புருஷன் அவள் கையைத் துடைத்துவிட்டார். ஆனால் கோபமாக இல்லை. மனுஷர் நல்லவர்தான். அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

முன்னறைச் சுவர் நான்கையும் பழைய பூச்சை உரித்துவிட்டு மூன்று கை பூசினேன். மேல்மாடிக் கூரை ஒழுகிய இடமெல்லாம் அடைத்தாகிவிட்டது. வந்த புதிதில் ஜன்னலில் இரண்டு தடவை கல் விழுந்தது. பிறகு கல் எறிந்தவர்களே வீட்டை விற்றுக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார்கள். டால்பர்ட் என்று ஒரு வீட்டுத் தரகன் வாசல் வாசலாகப் போய், "கறுப்பனுங்க வந்துட்டாங்க, வெல இறங்கறதுக்குள்ள குடுத்துடுங்க" என்று சொல்லிப் பாதி விலைக்கு வாங்குகிறான். வாங்கியதை நம் ஆட்களுக்கு இரண்டு மடங்குக்கு விற்கிறான். நம் ஆட்களுக்கு வங்கி கடன் கொடுக்காதே, அவன் சொன்னதுதான் விலை.

எங்களுக்கு அந்தக் கதி இல்லை என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அதெல்லாம் உன்னால்தான்.

பேர் மாற்றும் பேச்சை எப்போது எடுக்கப்போகிறாய்? அவசரமில்லை. வெர்டெல் கேட்கிறாள்.

அண்ணன்
அல்சிட்


25 ஜனவரி 1953

அன்புள்ள அண்ணா,

கிறிஸ்துமஸ் நன்றாகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் படிக்கிறார்களா? ரூத் சளியிலிருந்து இப்போதுதான் எழுந்தாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

அந்தப் பேச்சை இன்னும் எடுக்கவில்லை. ஈஸ்டர் மாதிரி ஒரு நல்ல நாள் பார்க்கிறேன் என்று நினைக்காதே. எடுக்கப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். எமிலுக்கு அந்த வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றிச் சொல்கிறார். உன்னைப் பற்றியும் சொல்கிறார், 'எங்க அல்சிட் சுவர் பூசினா கண்ணாடிதான்' என்று. நான் உள்ளே போய்ப் பாத்திரத்தைக் கழுவுகிறேன்.

ஏப்ரலில் எனக்கு இன்னொரு குழந்தை பிறக்கும். எமில் சந்தோஷத்தில் தொட்டிலுக்கு வர்ணம் அடிக்கிறார். ரூத் பிறந்தபோது நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். முகத்தை மூடிய துணியை விலக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

குழந்தை பிறந்து வீடு திரும்பியதும் முதல் வேலை உன் வேலைதான். அப்போது அவர் மனசு இளகியிருக்கும். வெர்டெலிடம் சொல்.

ஒடில்


19 ஏப்ரல் 1953

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பிப்ரவரியில் எழுதியதற்கும் மார்ச்சில் எழுதியதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி தபாலாபீஸ் வரை வர முடியாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். குழந்தை பிறந்துவிட்டதா? உனக்கு எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுது. கார்டு போதும்.

வீட்டு விஷயம் கிடக்கட்டும். வெர்டெலும் இப்போது அதைக் கேட்பதில்லை. போன ஞாயிறு கோவிலில் உனக்காகப் பேர் சொல்லாமல் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். நான் சொல்லவில்லை, அவளாகவே ஏற்றினாள்.

அண்ணன்
அல்சிட்

(பெட்டி வாடகை கட்டப்படாததால் அனுப்பியவருக்கே திருப்பப்பட்டது. 11 மே.)


7 ஜூன் 1953

அல்சிட்,

நீயும் உன் குடும்பமும் நலமென்று நம்புகிறேன். நானும் என் மகளும் இருக்கிறோம்.

என் மனைவி ஏப்ரல் நான்காம் தேதி பிரசவத்தில் இறந்துவிட்டாள். குழந்தையும் தங்கவில்லை. உன் அம்மா அவர்கள் வீட்டில் வேலை செய்தவர் என்பதால் உனக்கு இது தெரியவேண்டும் என்று நினைத்தேன். இதைவிட முன்னால் எழுதியிருக்கவேண்டும், முடியவில்லை.

வெல்டன் தெரு வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறேன். வாங்க ஒருவர் வந்திருக்கிறார். ஜூலை கடைசிக்குள் நீ காலி செய்யவேண்டும். இந்த இரண்டு மாத வாடகை நீ தரவேண்டியதில்லை. நீ ஒழுங்கான குடித்தனக்காரன், இதில் உன் தப்பு எதுவும் இல்லை.

எமில் ஷிரேடர்


சிகாகோ,
5 ஜூலை 1953

அல்சிட்டுக்கு,

பிள்ளைகளோடு அக்கா வீட்டுக்குச் சுகமாக வந்து சேர்ந்தேன். கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறோம். சின்னவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது அந்தச் சுவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா?

உன் தங்கை செத்துப்போனதற்கு நான் அழுதேன். நீ பார்த்தாய். அவளைத் திட்டிய வாய்தான், ஆனாலும் அழுதேன். இப்போது அழுது முடித்துவிட்டேன்.

அவள் எரிக்கச் சொன்ன கடிதங்களை நீ எரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன் பட்டாளத்துப் பெட்டியில், கம்பளிக்கு அடியில் இருக்கின்றன. அவள் கையெழுத்து, அவள் வாய் வார்த்தை: முன்பணம் யாருடையது, தவணை கட்டுவது யார், நீ யார். அந்த மனுஷன் நல்லவன் என்று நீதானே சொன்னாய். நல்லவன் என்றால் அவன் முன்னால் கொண்டுபோய் வை. படித்துவிட்டு என்ன செய்கிறான் பார்ப்போம்.

பதினொரு வருஷம் ஓட்டல் படுக்கை விரிப்புகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்த பணம் அது. என் கையைப் பார்த்திருக்கிறாய். அந்தப் பணத்தை அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள். அவள் புருஷனாவது பார்க்கட்டும்.

எழுது.

வெர்டெல்


செயிண்ட் லூயிஸ்,
19 ஜூலை 1953

அன்புள்ள வெர்டெலுக்கு,

சின்னவன் காய்ச்சல் இறங்கியது கேட்டு நிம்மதி. நான் சாப்பிடுகிறேன். மேல்மாடிச் சாமான்களைக் கட்டி வைத்திருக்கிறேன், எங்கே கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை.

நேற்று நீ சொன்னபடி போனேன். வேலை உடுப்போடு, சாந்து வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பேட்டையில் வாளி கையில் இருந்தால் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. கடிதங்களை வாளிக்குள், கரண்டிக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

பின்கதவைத் தட்டினேன். ஷிரேடரே வந்து திறந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருக்கும். "என்ன அல்சிட், இவ்வளவு தூரம்?" என்றார். வீட்டு விஷயமாக வந்தேன் என்றேன். படியில் உட்காரச் சொல்லி, அவரே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவரும் ஒரு படி மேலே உட்கார்ந்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"பையன்தான். அவளோடவே போயிட்டான். மூச்சு முட்டி ஒடம்பெல்லாம் கறுத்துப் போயிருந்ததுன்னு டாக்டர் சொன்னாரு. நான் பாத்தேன்."

நான் காப்பிக் கோப்பையைப் படியில் வைத்தேன்.

"உங்கம்மா அவங்க வீட்ல எத்தன வருஷம் சமைச்சாங்க?"

"அவங்க பொறந்ததுலேர்ந்துங்கய்யா."

"அப்ப நீயும் அவளும் ஒரே வீட்லதான் வளந்தீங்க."

"ஆமாங்கய்யா."

அவர் என் முகத்தைப் பார்த்தார், வெர்டெல். நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் கை வாளிமேல் இருந்தது. துணியை எடுத்துக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. அப்போது அவர் சொன்னார்: "அந்த வீட்ட வச்சுக்க எனக்கு இஷ்டமில்ல. ஏன்னு கேக்காத."

"கேக்கலைங்கய்யா" என்றேன்.

அந்த நேரத்தில் ரூத் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். நாலு வயசு. எங்கள் அம்மாவின் நெற்றி அப்படியே இருக்கிறது. ஒருவர் சொன்னால் யாருக்கும் தெரியும், சொல்லாதவரை யாருக்கும் தெரியாது. "யாருப்பா அது?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "யாருமில்லம்மா. நம்ம வீட்ல குடியிருந்த ஆளு."

நான் வாளியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, என்னால் சொல்ல முடியவில்லை. தெரிந்தும் கேட்காமல் இருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நான் வாய் திறந்திருந்தால் அவர் கேட்டே ஆகவேண்டியிருக்கும். பிறகு அது நீதிமன்றத்துக்குப் போகும். இந்த மாநிலச் சட்டப்படி வெள்ளைக்காரனுக்கும் நம் ரத்தம் உள்ளவளுக்கும் நடந்த கல்யாணம் செல்லாது. அந்தப் பெண் முறைகெட்டுப் பிறந்தவள் என்று எழுதிவிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்தத் தெருவில் அவர்கள் ஜன்னலிலும் கல் விழும். இவ்வளவும் நடந்த பிறகு, எந்த நீதிபதி பத்திரத்தில் பேர் இல்லாத கறுப்பனுக்கு வீட்டை எழுதிக் கொடுப்பான்? நமக்கு ஒன்றும் கிடைக்காது. அவளுக்கு இருப்பதும் போகும்.

பாசத்தால் சும்மா வந்தேன் என்று நினைக்காதே. டிராமில் உட்கார்ந்ததும், திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு நிறுத்தம் வரை யோசித்தேன். ராத்திரி கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். வைத்திருந்தால் என்றாவது எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

உன் கையை நான் மறக்கவில்லை.

அல்சிட்


சிகாகோ,
23 ஆகஸ்ட் 1953

அல்சிட்டுக்கு,

பிள்ளைகள் சுகம். நானும் சுகம். ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை, எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

நீ சொன்ன நியாயமெல்லாம் சரி. ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன், எதையும் மறுக்க முடியவில்லை. ஆனால் கடைசியில் நடந்தது என்ன? என் பிள்ளைகளின் வீட்டை எடுத்து அவள் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். அவளோ அவள் அப்பாவோ கேட்கக்கூட இல்லை.

கடிதங்களை என்னைக் கேட்காமல் எரித்தாய். பணம் பாதி என்னுடையது. கடிதத்திலும் பாதி என்னுடையதுதான்.

அந்தத் தரகன் டால்பர்ட் வந்து பேசியதை எழுதியிருந்தாய். அவனிடம் கையெழுத்துப் போடாதே என்று சொல்ல ஆசை. வேறு எங்கே போவோம் என்று நீ கேட்பாய். உன் இஷ்டம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், பிள்ளைகள் ஓரிடத்தில் இருக்கவேண்டும்.

வெர்டெல்


4 அக்டோபர் 1953

அல்சிட்,

நீ எங்கே குடிபோயிருக்கிறாய் என்று தெரியாததால் பழைய முகவரிக்கே எழுதுகிறேன், தபாலாபீஸ் கண்டுபிடித்துக் கொடுக்கும் என்று நம்பி. உன் குடும்பம் சுகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை.

வீடு நல்ல விலைக்குப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்ததைவிட எனக்கு அதிகம். சுவர்களும் கூரையும் இருந்த நேர்த்திதான் காரணம் என்று வாங்கியவர் சொன்னார். கடன் போக வந்ததை ரூத்தின் பெயரில் வங்கியில் போட்டிருக்கிறேன். பெரியவளாகும்போது அவள் படிப்புக்கு ஆகும், அல்லது வீடு வாங்க ஆகும். அவள் அம்மாவின் விருப்பமும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

நீ செய்த பூச்சு வேலைக்காக இத்துடன் பத்து டாலர் வைத்திருக்கிறேன். நான் உனக்குத் தரவேண்டியது என்று இதைச் சொல்லவில்லை, என் திருப்திக்காகத் தருகிறேன்.

இனி நமக்குள் கடிதப் போக்குவரத்து தேவைப்படாது. வீட்டுக்கும் வரவேண்டாம். குழந்தை கேள்வி கேட்கும் வயசு.

எமில் ஷிரேடர்


வெல்டன் தெரு, செயிண்ட் லூயிஸ்,
25 அக்டோபர் 1953

மதிப்புக்குரிய திரு. ஷிரேடர் அவர்களுக்கு,

தாங்களும் குழந்தையும் நலமாக இருக்கவேண்டும். நாங்கள் நால்வரும் நலம். என் மனைவியும் பிள்ளைகளும் போன மாதம் சிகாகோவிலிருந்து வந்துவிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரிச் சலவையில் ராத்திரி வேலைக்குப் போகிறாள், நான் பகலில் போகிறேன். அதனால் அதிகம் பேசிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை.

தங்கள் கடிதத்தைத் தபாலாபீஸ் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. நான் இதே வீட்டில்தான் இருக்கிறேன். தங்களிடம் வாங்கிய திரு. டால்பர்ட் அடுத்த வாரமே ஒரு ஒப்பந்தத்தோடு வந்தார். தங்களுக்கு அவர் ஒன்பதாயிரம் கொடுத்ததாகப் பத்திர ஆபீசில் பார்த்தேன். எனக்குப் பதினாறாயிரம். மாதத் தவணை, முன்பு தங்களுக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. கடைசித் தவணை கட்டிய பிறகுதான் பத்திரம் என் கைக்கு வரும். அதுவரை ஒரு மாதம் தவறினாலும் கட்டியதெல்லாம் அவருக்கு, நாங்கள் தெருவுக்கு. வேறு வீடு கிடைக்கவில்லை, கையெழுத்துப் போட்டேன். இதைப் புகாராக எழுதவில்லை. முகவரி மாறாததற்குக் காரணம் சொல்லவேண்டுமே என்று எழுதுகிறேன்.

தாங்கள் கேட்டுக்கொண்டபடி இனி எழுதமாட்டேன், வரவும் மாட்டேன். குழந்தைக்குக் குளிரில் தொண்டை கட்டும் என்று ஷிரேடர் அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். குளிர்காலம் தொடங்கிவிட்டது, கவனமாக இருங்கள்.

தாங்கள் அனுப்பிய பத்து டாலரை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தப்பாக நினைக்கவேண்டாம். அந்தச் சுவர்களை நான் கூலிக்குப் பூசவில்லை. அந்த நோட்டு இரண்டு வாரத்துக்கு மேல் சமையலறை மேஜைமேல் கிடந்தது. நேற்றுக் காலை வேலையிலிருந்து வந்த என் மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள். அவள் சொன்னதையே எழுதிவிடுகிறேன்:

"அந்தப் பொண்ணு பேர்லயே போட்டுடச் சொல்லு. மத்ததெல்லாம் அங்கதான இருக்கு."

இப்படிக்கு,
அல்சிட்